“யார் சொல்லி வந்தீர்கள்?”: வாய்ச்சொல்லால் நடக்கும் சிறுதொழில்கள் பற்றி ஒரு விவாதம்

தையல்மேசை (களுவாஞ்சிகுடி):

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது வருடங்களாக வீட்டு விறாந்தையில் சாறிச் சட்டைகளும் மணப்பெண்ணுக்கான உடைகளும் தைத்து வருகிறேன். இரண்டு இயந்திரங்கள், கை உதவிக்கு ஒரு பிள்ளை, இவ்வளவுதான் என் தொழில். சென்ற ஆவணிக் கல்யாணக் காலத்தை எண்ணி மூன்று மாதங்கள் முகநூலில் காசு கட்டி விளம்பரம் செய்தேன். விருப்பக்குறிகள் நிறைய விழுந்தன, “ஒரு சட்டைக்கு எவ்வளவு?” என்ற கேள்விகளும் வந்தன, ஆனால் துணியோடு படலையைத் திறந்தவர்கள் நான்கு பேர்தான்.

அதே மூன்று மாதங்களில் புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் “யார் சொல்லி வந்தீர்கள்?” என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். மொத்தம் 63 பேர். அவர்களில் 51 பேர் யாரோ ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். ஓர் இரவு இருந்து அந்தப் பெயர்களைக் கூட்டிப் பார்த்தபோது, அத்தனை பேரையும் அனுப்பியவர்கள் ஏழே ஏழு பேர் என்று தெரிந்தது. அந்த ஏழு பேரில் ஒருவர் என்னிடம் ஒருநாளும் சட்டை தைத்ததில்லை. அவர் புடவைக்கடை ஒன்றில் துணி வெட்டிக் கொடுக்கும் பெண்.

என் கவலை வேறு. மாசி மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கான சட்டையை ஒரு நாள் பிந்திக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்தன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்ததால் மணப்பெண் அதைத்தான் உடுத்தார். காசும் முழுதாகத் தந்தார்கள், ஒரு சொல்கூடக் குறையாகப் பேசவில்லை. ஆனால் அதற்கு முன் மாதம் இரண்டு மூன்று பேர் வந்துகொண்டிருந்த அந்த ஊரிலிருந்து அதன் பின்னர் ஒருவரும் வரவில்லை. இந்தப் பேச்சு எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது, அதை நாமாக முயன்று வளர்க்க முடியுமா, அல்லது நன்றாகத் தைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் வழியா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

வணிகக்கல்வி ஆசிரியர் (மட்டக்களப்பு):

தங்கைக்கு வணக்கம். அந்தக் கொப்பியை நிறுத்திவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பெருஞ்செலவில் தேடும் விடை அதில் இருக்கிறது.

நீங்கள் கண்டது புதிய விடயம் அல்ல. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை எப்படிப் பரவியது என்பதைப் பிரைஸ் ரயன், நீல் குரோஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943 இல் வெளியிட்டார்கள். இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளிடம் பேசினார்கள். 1928 அளவில் வந்த அந்த விதையை 1941 ஆகும்போது இருவரைத் தவிர எல்லோரும் விதைத்திருந்தார்கள். அந்த விதை இருக்கிறது என்ற செய்தியைப் பெரும்பாலானோர் விற்பனை முகவரிடமிருந்துதான் முதலில் அறிந்தார்கள், ஆனால் விதைக்கலாம் என்று துணிந்தது அயல் வயல்காரரைப் பார்த்தும் கேட்டும்தான். அப்போதும் முழு நிலத்திலும் விதைக்காமல், ஒரு சிறு துண்டில் விதைத்துப் பார்த்தே மேலே போனார்கள். நம்முடைய வட்டைகளில் புது நெல்லினம் வரும்போது போடியார் (பெரிய வயற்காரர்) என்ன விதைக்கிறார் என்று பார்த்திருந்து அடுத்த போகத்தில் மற்றவர்கள் விதைப்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. (அந்த ரயன் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர் என்பதை, விடயத்துக்கு வெளியே என்றாலும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஆகவே உங்கள் முகநூல் விளம்பரம் முற்றாக வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அது அந்த விற்பனை முகவரின் வேலையைச் செய்தது, அதாவது நீங்கள் இருக்கிறீர்கள் என்று அறிவித்தது. தன் கல்யாணச் சட்டையை உங்களிடம் ஒப்படைக்கும் துணிவை ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது அதனால் ஆகாத வேலை.

ஏழு பேர் என்ற உங்கள் எண்ணிக்கைக்கும் விளக்கம் உண்டு. இலினோய் மாநிலத்தின் டெக்கேற்றர் நகரத்தில் ஏறத்தாழ 800 பெண்களிடம் நடத்திய ஆய்வை எலிகு காற்ஸ், போல் லாசர்ஸ்பெல்ட் இருவரும் 1955 இல் வெளியிட்டார்கள். ஊரில் சிலருடைய சொல்தான் மற்றவர்களிடம் எடுபடுகிறது என்பதோடு, அந்தச் சிலர் எல்லா விடயத்துக்கும் ஒரே ஆட்கள் அல்லர் என்பதும் அதில் தெரிந்தது. சமையற் சாமான் விடயத்தில் பெரிய குடும்பம் நடத்தும் தாய்மாரின் சொல்லையும், உடை விடயத்தில் கல்யாணமாகாத இளம்பெண்களின் சொல்லையும் கேட்டார்கள். ஊர்த் தலைவரின் மனைவி உங்களைப் புகழ்வதைவிட, நன்றாக உடுக்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஓர் இளம் ஆசிரியை புகழ்வது உங்களுக்குக் கூடுதலாக உதவும். அந்தப் புடவைக்கடைப் பெண்ணை எண்ணிப் பாருங்கள், துணி வாங்கிய கையோடு “இதை எங்கே தைக்கலாம்?” என்ற கேள்வி எழும் இடத்தில் அவர் நிற்கிறார். உங்களிடம் பத்துச் சட்டை தைத்த ஒருவருக்கு அந்தக் கேள்வி வருடத்தில் ஒரு முறை வந்தாலே பெரிது.

தயிர்ச்சட்டி (படுவான்கரை):

ஆசிரியர் ஐயா சொன்னதற்கு மேல் என்னுடைய வேதனையையும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து எருமைத் தயிர் போடுகிறோம். எங்கள் தயிரைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. கொழும்புக்குப் பஸ் ஏறுகிறவர்கள் மூன்று சட்டி, நான்கு சட்டி என்று தாளால் வாய் கட்டி எடுத்துப் போவார்கள். அங்கே சாப்பிட்டவர்கள் “அருமையான மட்டக்களப்புத் தயிர்” என்பார்கள். அடுத்த முறை இங்கே வரும் வேறொருவரிடம் “மட்டக்களப்பிலிருந்து தயிர் வாங்கி வா” என்று சொல்லி விடுவார்கள். அவர் வீதியோரத்தில் முதலில் கண்ட கடையில் வாங்கிப் போவார். அந்தத் தயிர் புளித்திருந்தால், முன்பு வாங்கியதும் அதுவும் ஒன்றே என்று எண்ணி என்னையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

புகழ் முழுவதும் ஊரின் கணக்கில் சேர்ந்ததே தவிர, என்னுடைய கணக்கில் ஒன்றும் சேரவில்லை. சட்டியில் பெயரில்லை, கடைக்குப் பலகை இல்லை, என்னைக் குறிப்பிட்டுச் சொல்ல ஒருவருக்கும் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. தாள் ஒட்டினால் ஈரத்தில் கழன்றுவிடும். கடைசியில் சட்டி வனையும் ஐயாவிடம் பேசி, மண் காயும் முன்பே எங்கள் மாடுகளுக்குச் சுடும் பிறைக் குறியைச் சட்டியின் கழுத்தில் அழுத்தித் தரச் சொன்னேன். இப்போது “பிறை போட்ட சட்டி” என்று கேட்டு வருகிறார்கள். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தயிர் முடிந்த பிறகும் அந்தச் சட்டி யாரோ ஒருவர் வீட்டில் பூக்கன்று வைக்க இருக்கிறது.

தங்கச்சியிடம் ஒன்று கேட்கிறேன். உங்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? “களுவாஞ்சிகுடியில் ஒரு பிள்ளை தைக்கிறாள்” என்று சொன்னால் வருகிறவர் பத்து வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

வணிகக்கல்வி ஆசிரியர் (மட்டக்களப்பு):

தயிர்க்காரத் தம்பி செய்ததைப் பாடசாலையில் உதாரணமாகச் சொல்லப் போகிறேன். ஆங்கிலத்தில் வணிகப் பெயருக்கு வழங்கும் “பிராண்ட்” என்ற சொல்லே சூடு போடுவதைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்துதான் வந்தது. மாட்டுக்குறி சட்டிக்கு வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

கராஜ்காரன் (அக்கரைப்பற்று):

எல்லோரும் இனிப்பாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நல்ல பெயரோடு மூடப்பட்ட கடைகளை எங்கள் ஊரிலேயே என்னால் விரல் விட்டு எண்ண முடியும். வாய்ச்சொல்லால் வளர்ந்தவர்கள்தான் இப்படியான இடங்களுக்கு வந்து கதை சொல்வார்கள். வாய்ச்சொல்லை நம்பியிருந்து முதலை இழந்தவர் வந்து எழுதப் போவதில்லை.

மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் இரக்கப்பட்டுக் கடன் கொடுத்தவர்கள் எனக்கு நன்றியோடு விளம்பரம் செய்வார்கள் என்று எண்ணியிருந்தேன். நடந்தது தலைகீழ். 8,000 ரூபாய் கடன் வைத்தவர் என் கராஜ் இருக்கும் வீதியால் வருவதை விட்டுவிட்டார். அவருடைய சைக்கிளை வேறொருவர் திருத்துவதைப் பார்த்த நண்பர்கள் “ஏன் அங்கே போவதில்லை?” என்று கேட்பார்கள். கடன் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கம். ஆகவே “அவன் இப்போது நல்ல சாமான் போடுவதில்லை” என்று சொல்லிவிடுகிறார். இப்படி ஆறு பேர் எனக்கு இருக்கிறார்கள். வேலையில் பிழை விட்டு வாங்கிய கெட்ட பெயரைவிடக் கடன் கொடுத்து வாங்கிய கெட்ட பெயர்தான் எனக்கு அதிகம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? இப்போது கடனே இல்லை. பழைய கடன்காரர்களில் நான்கு பேரைத் தேடிப் போய், பாதியைத் தாருங்கள், மீதியை மறந்துவிடுவோம், வழக்கம்போல வாருங்கள் என்றேன். மூவர் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆசிரியர் சேர் சொல்லும் ஆய்வுகளில் கடன்காரரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

வணிகக்கல்வி ஆசிரியர் (மட்டக்களப்பு):

தம்பி, கடனைப் பற்றி நான் படித்ததில்லை. உங்கள் கண்டுபிடிப்பு என்றே அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மனிதர் ஏன் ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறார் என்று ஏர்னஸ்ட் டிக்டர் என்ற விளம்பர உளவியல் ஆய்வாளர் 1966 இல் எழுதியது உங்கள் கதையோடு பொருந்துகிறது. பொருள் தந்த அனுபவம் நெஞ்சில் நிறைந்து வழிவதால் பேசுவது, கேட்பவர்மேல் உள்ள அன்பால் பேசுவது, விளம்பரமே சுவையாக இருப்பதால் அதைத் திருப்பிச் சொல்வது ஆகிய மூன்றோடு, தன்னை உயர்த்திக் காட்டப் பேசுவது என்ற நான்காவது காரணத்தையும் அவர் சொன்னார். தான் விடயம் அறிந்தவன், தனக்கு நல்லது கெட்டது தெரியும் என்று காட்டவே பலர் ஒரு கடையைப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் கடன்காரரும் தன் மதிப்பைக் காக்கத்தான் உங்கள் சாமானைக் குறை சொன்னார். பேசுகிறவர் உங்களுக்காகப் பேசுகிறார் என்று எண்ணுவதில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம்.

நெசவுக்காரன் (மருதமுனை):

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் ஊர்க் கைத்தறியை அறியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். ஆனால் ஊருக்குள் எத்தனை பேர் புகழ்ந்தாலும் எனக்கு ஒரு சாறிகூட விற்காது, ஏனென்றால் புகழ்கிறவர் வீட்டிலும் கேட்கிறவர் வீட்டிலும் தறி இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் சுற்றும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததையே திரும்பவும் சொல்கிறது.

என்னுடைய சாறிகள் வெளியே போனது இடமாற்றத்தில் வந்துபோன ஆசிரியைகளாலும் தாதிமாராலும்தான். கல்முனையில் இரண்டு வருடம் படிப்பித்த ஓர் ஆசிரியை சொந்த ஊருக்குத் திரும்பும்போது ஆறு சாறி எடுத்துப் போனார். அவருக்கும் எனக்கும் உறவில்லை, நட்பும் இல்லை, இரண்டு வருடத்தில் மூன்று முறை பேசியிருப்போம். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த பாடசாலையிலிருந்து மட்டும் அடுத்த தைப்பொங்கலுக்கு 22 சாறிகளுக்குக் கேள்வி வந்தது. என் மருமகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இதைக் கேட்டுவிட்டு, மார்க் கிரானோவெற்றர் என்பவர் 1973 இல் எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொன்னார். வேலை தேடுகிறவர்களுக்குப் பயன்பட்ட செய்தியைக் கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் நெருங்கிய நண்பர்களாக இல்லாமல் எப்போதாவது காணும் அறிமுகக்காரர்களாக இருந்தார்கள் என்பது அதன் சாரம். நெருங்கியவர்கள் நம்முடைய வட்டத்துக்குள்ளேயே இருப்பதால் நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி இருக்கின்றன. ஒரு பஸ்ஸில் கல்முனையிலிருந்து காத்தான்குடி வரை போனால் எத்தனை எல்லைகளைக் கடக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கல்யாணம், சடங்கு, கந்தூரி ஆகியவற்றில் நடக்கும் பேச்சு அந்த எல்லைக்குள் நின்றுவிடுகிறது. சந்தை, ஆஸ்பத்திரி வாசல், டியூட்டரி, முச்சக்கரவண்டித் தரிப்பிடம் ஆகியவற்றில்தான் அது எல்லை தாண்டுகிறது. தங்கச்சியின் ஏழு பேரில் எத்தனை பேர் வேறு வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று பார்க்க வேண்டும். ஒருவராவது இருந்தால் அவர் மற்ற ஆறு பேருக்குச் சமம்.

தையல்மேசை (களுவாஞ்சிகுடி):

காக்கா கேட்டது சரி. கொப்பியைத் திரும்பவும் புரட்டினேன். புடவைக்கடைப் பெண்ணைத் தவிர மற்ற ஆறு பேரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். தயிர்க்கார அண்ணன் கேட்டதற்கும் பதில் வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னை “வேப்பமரத்தடித் தையல்” என்று சொல்கிறார்களாம். அந்த மரம் போன வருடக் காற்றில் விழுந்துவிட்டது.

விடுதிக்காரன் (பொத்துவில்):

அறுகம்பேயில் எனக்கு நான்கு அறைகள் உண்டு. ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபருக்குள் முடியும் அலைக்காலம்தான் எங்கள் வருடம். இந்தக் கடற்கரையை உலகுக்குச் சொன்னது எந்த அரசாங்க விளம்பரமும் அல்ல, அலைச்சறுக்கு ஆட்கள் ஒருவருக்கொருவர் சொன்ன சொல்தான். இப்போது அந்தச் சொல் கூகுளிலும் டிரிப்அட்வைசரிலும் எழுதப்படுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

மைக்கல் லூக்கா என்ற ஹாவர்ட் ஆய்வாளர் 2011 இல், சியாற்றில் நகர உணவகங்களின் வருவாயையும் வாடிக்கையாளர் மதிப்புரை எழுதும் யெல்ப் தளத்தில் அவற்றுக்கு விழுந்த நட்சத்திரங்களையும் ஒப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 வீதம் வரை கூடியது. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: அந்தப் பயன் தனி உணவகங்களுக்குத்தான் கிடைத்தது, கிளை கிளையாகக் கடை வைத்திருக்கும் பெரும் பெயர்களுக்கு அதனால் ஒன்றும் கூடவில்லை. பெரிய பெயரைப் பற்றி ஆட்களுக்கு ஏற்கெனவே தெரியும். என்னுடைய நான்கு அறைகளைப் பற்றி, முன்பு தங்கிய ஒருவர் எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஜூடித் செவாலியர், டினா மேஸ்லின் இருவரும் 2006 இல் இணையப் புத்தகக் கடைகளின் மதிப்புரைகளை ஆராய்ந்தபோது, ஐந்து நட்சத்திரம் செய்யும் நன்மையைவிட ஒரு நட்சத்திரம் செய்யும் கேடு பெரிது என்று கண்டார்கள். அதை நான் ஒரு மழைநாளில், நீர்த்தாங்கி வற்றிக் கிடந்தபோது, ஆய்வு இல்லாமலே அறிந்துகொண்டேன்.

காசு கொடுத்துப் பேச வைப்பதைப் பற்றியும் எழுத வேண்டும். சில காலம் முச்சக்கரவண்டிச் சாரதிகளுக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கொமிசன் கொடுத்தேன். ஆட்கள் வந்தார்கள், ஆனால் சாரதி சொன்ன புகழுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் வந்தார்கள். அடுத்த வருடம் ஒருவர் எனக்கு மேலாகக் கொமிசன் கொடுத்தபோது அதே சாரதிகள் என் விடுதியில் மூட்டைப்பூச்சி என்று சொன்னார்கள். வாங்கிய சொல் அதிக விலை கேட்டவரிடம் போய்விடும். பதில் உபகாரம் செய்து மதிப்புரை வாங்குவதைக் கூகுள் தன் விதிகளில் தடுத்திருக்கிறது, அமெரிக்காவில் போலி மதிப்புரைகளுக்கு எதிரான விதியொன்று 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது. இங்கே பக்கத்து விடுதிக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வதை நான் பார்க்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், நானும் ஒரு முறை போட்டவன்தான்.

தையல்மேசை (களுவாஞ்சிகுடி):

அப்படியானால் ஆள் அனுப்புகிறவருக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாதா? அந்தப் புடவைக்கடைப் பெண்ணுக்கு வருடத்துக்கு ஒரு சட்டையாவது இனாமாகத் தைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணியிருந்தேன்.

வணிகக்கல்வி ஆசிரியர் (மட்டக்களப்பு):

கொடுப்பது எல்லாமே கேடு என்று சொல்ல முடியாது. ஜேர்மனிய வங்கியொன்று, புதிய வாடிக்கையாளர் ஒருவரைக் கூட்டி வந்தவருக்கு 25 யூரோ கொடுத்தது. அந்த வங்கியின் ஏறத்தாழ 10,000 வாடிக்கையாளரை மூன்று வருடங்கள் அளவில் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011 இல் வெளியானது. பழையவர் சொல்லி வந்தவர்கள் மற்றவர்களைவிட வங்கிக்கு 16 வீதம் கூடுதல் பெறுமதி உடையவர்களாகவும், விட்டுப்போகும் வாய்ப்பு 18 வீதம் குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். காசு கொடுத்தும் அது கெடவில்லை. காரணம் இருக்கிறது. அங்கே காசு வாங்கியவர் அந்த வங்கியிலேயே கணக்கு வைத்திருந்தவர், தான் பழகியதைத் தன் நண்பருக்குச் சொன்னார், நண்பரை நாளைக்கும் காண வேண்டியவர். பொத்துவில் சாரதி அந்த விடுதியில் ஓர் இரவும் தூங்கவில்லை, பயணியைத் திரும்பவும் காணப் போவதும் இல்லை.

கேட்பவர் மனத்தில் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன என்று டிக்டர் எழுதினார்: சொல்கிறவருக்கு என்மேல் அக்கறை இருக்கிறதா, சொல்லும் விடயம் அவருக்குத் தெரியுமா. கொமிசன் முதற்கேள்வியைக் கெடுக்கிறது. புடவைக்கடைப் பெண்ணுக்கு ஆளுக்கு 100 ரூபாய் என்று பேசாதீர்கள். ஒரு சட்டையை நல்ல நாளொன்றில் மனமாரத் தைத்துக் கொடுங்கள். அவர் அதை உடுத்து அந்த மேசையிலேயே நிற்பார். இதுவரை பார்த்ததை வைத்துச் சொன்னவர், இனிமேல் உடுத்ததை வைத்துச் சொல்வார்.

பழைய சமையல்காரர் (அம்பாறை):

இதுவரை எழுதியவர்கள் நல்ல சொல்லையும், உண்மையான குறையையும் பற்றி எழுதினீர்கள். உண்மையே இல்லாத சொல்லைப் பற்றி நான் எழுத வேண்டும், ஏனென்றால் அது எங்கள் நகரத்தில் நடந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்து முஸ்லிம் உணவகம் ஒன்றில் பரிமாறிய உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்திருப்பதாக ஒரு பேச்சு எழுந்தது. கறியில் கிடந்த மாக்கட்டி ஒன்றுதான் அதற்கு ஆதாரம். அந்த இரவிலேயே கடையும் அடிபட்டது, பள்ளிவாசலும் அடிபட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அதில் மாப்பொருள்தான் இருந்தது என்று அறிக்கை கொடுத்தது. அப்படியொரு மாத்திரை உலகில் எங்கும் இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அறிக்கை வந்தபோது கடை அடிபட்டு முடிந்திருந்தது.

நான் அந்தக் கடையில் வேலை செய்தவன் அல்லன், ஆனால் முப்பது வருடங்கள் சமையற்கட்டில் நின்றவன். உணவுத் தொழிலில் வாய்ச்சொல் இவ்வளவு பயங்கரமாக வேலை செய்வதற்குக் காரணம், சாப்பிடுகிறவர் சமையற்கட்டைப் பார்ப்பதில்லை என்பதுதான். பார்க்காத இடத்தைப் பேச்சு நிரப்புகிறது. ஏற்கெனவே மனத்தில் இருந்த பயத்துக்கு ஏற்ற சொல் கிடைத்தால் அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. 2019 ஜனவரியிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். நல்லதுதான். ஆனால் தேநீர்க்கடை வாங்கிலில் இருக்கிறவருக்கு அந்த ஐந்து என்ற கணக்கு இல்லை.

அதன் பிறகு நான் வேலை செய்த இடங்களில் முதலாளிமாரிடம் ஒன்றைத்தான் கேட்டேன். சமையற்கட்டுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் இருக்கும் சுவரை இடுப்பளவுக்கு வெட்டுங்கள், கொத்து போடுகிறவனின் கையும் கல்லும் தெரியட்டும். இருவர் கேட்டார்கள், ஒருவர் கேட்கவில்லை. இரண்டு இனத்து ஆட்களும் வேலை செய்யும் கடையைப் பற்றி இப்படியான கதை எழுவது கடினம் என்பதும் என் எண்ணம், ஏனென்றால் கதையைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் உள்ளே நின்ற தன் ஆளிடமே விசாரிக்க முடியும்.

நெசவுக்காரன் (மருதமுனை):

காக்கா, இதை எழுதியதற்கு நன்றி. நான் முன்பு சொன்ன எல்லை தாண்டும் அறிமுகக்காரர்கள் விற்பனைக்கு மட்டும் பயன்படுகிறவர்கள் என்று எண்ணியிருந்தேன்.

கராஜ்காரன் (அக்கரைப்பற்று):

நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஒன்றை எச்சரிக்கிறேன். கொப்பி நல்ல யோசனை, நானும் தொடங்கிவிட்டேன். ஆனால் “உங்கள் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள், அவர்கள் சேர்ந்தால் உங்களுக்குப் பங்கு” என்று வருகிற வியாபாரங்களையும் சிலர் வாய்ச்சொல் விளம்பரம் என்று அழைக்கிறார்கள். பொருள் விற்பதால் வருமானம் வராமல் ஆள் சேர்ப்பதால் வருமானம் வந்தால் அது பிரமிட் திட்டம், வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு அதைத் தடை செய்கிறது. என் மச்சான் ஒருவர் அப்படி இறங்கிக் காசை இழந்தார். காசு போனதைவிட, அவர் சேர்த்துவிட்ட பதினொரு சொந்தக்காரர் வீட்டுக்கும் இன்று வரை போக முடியாமல் இருப்பதுதான் கொடுமை. முதலாளிமார் விற்றது அவருடைய முகத்தை.

தையல்மேசை (களுவாஞ்சிகுடி):

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கராஜ்கார அண்ணனின் கடைசி வரியை வாசித்த பிறகுதான் மாசி மாதச் சட்டையின் விடயம் எனக்கு விளங்கியது. நான் மணப்பெண் வீட்டுக்குத்தான் குற்றம் செய்ததாக எண்ணி, அவர்களிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருந்தேன். அவர்கள் உண்மையாகவே மறந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு என்னைச் சொல்லிவிட்டவர் அதே ஊரில் இருக்கும் ஒரு பெரியம்மா. கொப்பியில் உள்ள ஏழு பேரில் ஒருவர். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, சட்டை வராத பதற்றத்தில் இருந்த அந்த வீட்டில், பந்தல் முழுக்கச் சொந்தக்காரர் இருக்கும்போது, “நீங்கள் சொன்ன ஆள்தானே?” என்று அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். காலையில் சட்டை வந்ததும் மணப்பெண்ணுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. பெரியம்மாவுக்குச் சரியாகவில்லை. அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். பிந்தியதற்கு நானே காரணம், உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் பேச்சை மாற்றி, தேத்தண்ணீர் தந்து, அம்மாவின் சுகம் விசாரித்து அனுப்பிவிட்டார். அதன் பின்னரும் அந்த ஊரிலிருந்து புதிதாக ஒருவரும் வரவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை பெரியம்மாவே படலையைத் திறந்து வந்தார். கையில் ஒரு பட்டுச் சாறித் துண்டு. கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறப்பதற்கு முன் வேண்டும் என்று மட்டும் சொன்னார். கொப்பியில் அதற்கு இரண்டு நாள் முந்திய திகதியை எழுதியிருக்கிறேன். விழுந்த வேம்பின் அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையும் நட்டுவிட்டேன். தயிர்க்கார அண்ணன் கேட்பார் என்பதற்காகச் சொல்கிறேன், அதில் “வேப்பமரத்தடித் தையல்” என்றே எழுதியிருக்கிறது.